குதிர் நம் வீட்டில். சாவி யார் கையில்?

நம் பாட்டிமார் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பார்கள். வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக் குத்திச் சமைப்பார்கள். எடுக்கும்போது எவரிடமும் அனுமதி கேட்டதில்லை; எடுக்குந்தோறும் எவருக்கும் கட்டணம் செலுத்தியதுமில்லை.

இன்று நம் இல்லங்களில் இருக்கும் கணிப்பொறியும் ஒரு வகையில் குதிரே. அப்பா அம்மாவின் திருமணப் படம், தம்பியின் முதல் நன்மை விழா, தாத்தா பேசிய பேச்சு, நாம் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள், பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய நடனம் ஆகிய யாவும் அதில் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் அவை கணிப்பொறியிலேயே கிடக்கின்றன. வீட்டார் எல்லோரும் கூடி அமரும் கூடத்துத் தொலைக்காட்சிக்கு அவை வருவதில்லை. அங்கே வருவதெல்லாம் மாதக் கட்டணம் கட்டி வெளியிலிருந்து தருவிக்கும் சரக்குதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அது இதுதான்.

பல வீடுகளில் இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுவதற்கென்று வாங்கிய விளையாட்டுப் பெட்டியே அது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்னும் இப்பெட்டிகள் ஒரு பக்கம் தொலைக்காட்சியுடனும் மறு பக்கம் வீட்டு வைஃபையுடனும் தொடர்பு கொண்டவை. அதே வைஃபையில்தான் கணிப்பொறியும் இருக்கிறது. கணிப்பொறியில் உள்ள படத்தை விளையாட்டுப் பெட்டி கேட்டு வாங்கித் திரையில் காட்டுமாறு செய்யலாம்.

இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. தன் வீட்டுப் பொருளைத் தன் வீட்டுத் திரையில் காணும் வழியை ஒவ்வொரு குடும்பமும், சிறப்பாகப் பெண்பிள்ளைகளும், கற்றுக்கொள்ள வேண்டும். ஏனெனில் அவ்வழி ஒரு காலத்தில் திறந்திருந்தது. இப்போது மெல்ல மெல்ல அடைபட்டு வருகிறது.

பெட்டிகள் பேசிக்கொள்ளும் விதம்

முதலில் இது எங்ஙனம் நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். இதில் மாயம் ஏதுமில்லை. கணிப்பொறியில் ‘மீடியா சர்வர்’ என்னும் ஒரு நிரலை நிறுவுகிறோம். எந்தெந்த அடைவுகளில் உள்ள படங்களையும் பாட்டுகளையும் பிறருக்குக் காட்டலாம் என்று அதற்குச் சொல்லி வைக்கிறோம். அது பரிமாறக் காத்திருக்கும் பந்தி விசாரிப்பவரைப் போன்றது.

விளையாட்டுப் பெட்டியை இயக்கியதும் அது வீட்டு வலை முழுவதும் கேட்கும்படி, “படம் தருவார் யாரேனும் உண்டா?” என்று ஒரு குரல் கொடுக்கிறது. கணிப்பொறி, “நான் இருக்கிறேன்” என்று தன் பெயரைச் சொல்லி விடையிறுக்கிறது. பிறகு பெட்டி பட்டியலைக் கேட்கிறது; கணிப்பொறி அனுப்புகிறது. நாம் அப்பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவுடன் அந்தப் படம் சிறு சிறு துண்டுகளாகப் புறப்பட்டு வருகிறது. முழுப் படமும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வர வர ஓடத் தொடங்குகிறது. இதையே ‘ஸ்ட்ரீமிங்’ என்கிறார்கள்.

இப்பயணம் முழுவதும் நம் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே நடைபெறுகிறது என்பதை நன்கு கவனிக்க வேண்டும். இணையம் துண்டிக்கப்பட்டிருந்தாலும் படம் ஓடும். இணையத்தின்வழி உயர்தரப் படம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிகாபைட் செலவாகும். குழந்தை ஒரே இரண்டு மணி நேரப் படத்தைப் பத்து முறை பார்த்தால் 60 ஜிகாபைட். வீட்டுக் கணிப்பொறியிலிருந்து பார்த்தால் இணையச் செலவு என்று எதுவுமே இல்லை.

இரண்டு தடைகள் வரலாம். ஒன்று, மொழித் தடை. படங்களைச் சுருக்கிப் பதியும் முறைகள் பல. கணிப்பொறியில் உள்ள முறையை விளையாட்டுப் பெட்டி அறியாதிருந்தால் படம் ஓடாது. அப்போது நல்ல சர்வர் நிரல் ஒரு துபாஷியைப் போல, படத்தைப் பெட்டிக்குப் புரியும் முறைக்கு உடனுக்குடன் மாற்றி அனுப்பும். இதற்குக் கணிப்பொறி சற்று வலுவுடையதாக இருக்க வேண்டும்.

மற்றொன்று, பாதையின் அகலம். 2003-ஆம் ஆண்டில் வந்த வைஃபை வகை பெயரளவில் விநாடிக்கு 54 மெகாபிட் வேகம் உடையது. நடைமுறையில் அதில் பாதி கிடைப்பதே அரிது. ப்ளூ-ரே தட்டில் உள்ள படமோ சில காட்சிகளில் 40 மெகாபிட் வரை கேட்கும். ஆதலால்தான் பழைய வைஃபையில் படம் நின்று நின்று ஓடியது. இன்றைய வைஃபை வேகமானது என்றாலும், கணிப்பொறியையும் ரவுட்டரையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் பெரும்பாலான தொல்லைகள் தீரும்.

பொதுமொழி ஒன்று பிறந்தது

இப்படி வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும் அல்லவா? 2003-ஆம் ஆண்டில் சோனி, இன்டெல், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட பல நிறுவனங்கள் கூடி இதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தின. அது அடுத்த ஆண்டில் டிஎல்என்ஏ என்று பெயர் மாற்றம் பெற்றது. சந்தையில் போட்டியாளர்களாக இருந்தவர்களே ஒரே பந்தியில் அமர்ந்து, “வாங்குகிறவர் எந்தக் கடையில் எதை வாங்கினாலும் அவை ஒன்றோடொன்று பேசட்டும்” என்று உடன்பட்டது மெச்சத்தக்க செயலே.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. 2005 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் 360, கணிப்பொறியில் உள்ள பாட்டையும் புகைப்படத்தையும் வலைவழி பெற்றுத் தொலைக்காட்சியில் தந்தது. 2006 நவம்பரில் ஜப்பானில் முதலில் வெளியான பிளேஸ்டேஷன் 3, 2007 மே மாதத்தில் தந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் டிஎல்என்ஏ மொழியைக் கற்றுக்கொண்டது. கடையில் வாங்கிய பெட்டிக்குப் பின்னாளில் இலவசமாக ஒரு புதிய திறமை வந்து சேர்ந்தது.

நிறுவனங்களுக்கு முன்பே ஆர்வலர்களும் வழி காட்டியிருந்தார்கள். முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டியைத் திருத்தியமைத்து, அதில் படமும் பாட்டும் ஓடச் செய்யும் எக்ஸ்பிஎம்சி என்னும் நிரலைத் தன்னார்வத் தொண்டர்கள் எழுதினார்கள். அதன் முதல் முழுப் பதிப்பு 2004-இல் வந்தது. அந்நிரல் பின்னர் விளையாட்டுப் பெட்டியை விட்டு வெளியேறிக் கணிப்பொறிகளுக்கும் பரவி, 2014-இல் கோடி என்று பெயர் மாறியது. இன்று பலரும் பயன்படுத்தும் பிளெக்ஸ் என்பதும் 2008-இல் அதன் கிளையாகத் தோன்றியதே. கூலி வாங்காத சிலர் நட்ட மரத்தின் நிழலில் இன்று எத்தனையோ வீடுகள் இளைப்பாறுகின்றன எனின் மிகையாகாது.

கதவு சாத்தப்பட்ட வரலாறு

இனி வருத்தத்திற்குரிய பகுதிக்கு வருகிறேன். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வெளிவந்தது. முந்தைய பெட்டியைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. ஆயினும் வீட்டுக் கணிப்பொறியை நாடிப் படம் வாங்கும் வசதி அதில் இல்லை. சாதாரண இசைத்தட்டைக்கூட அது பாடவில்லை. வாங்கியோர் குறைகூறிய பிறகு 2015 ஜூனில் தனியொரு செயலியாக அவ்வசதி வந்தது. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதோ அது மீண்டும் இல்லாமற் போயிற்று.

மைக்ரோசாப்டின் பக்கத்திலும் இதே கதைதான். தொலைக்காட்சித் திரைக்கென்றே அமைத்த மீடியா சென்டர் என்னும் பகுதியை, 2015-இல் வெளியிட்ட விண்டோஸ் 10-இல் அந்நிறுவனம் கைவிட்டது. பொதுமொழியை வளர்த்த டிஎல்என்ஏ அமைப்பே 2017-இல் கலைக்கப்பட்டது. அம்மொழி அறிந்த கருவிகள் இன்னும் பல வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதை வளர்க்கவென்று கூடிய சபை இன்று இல்லை.

இதற்கு ஆற்றல் குறைவு காரணமன்று. ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய பெட்டி செய்ததைப் புதிய பெட்டி செய்ய இயலாது என்று எவரும் நம்பமாட்டார்கள். காரணம் வேறு என்பது என் கருத்து. பிளேஸ்டேஷன் 3 தொடக்கத்தில் அதன் உற்பத்திச் செலவைவிடக் குறைந்த விலைக்கே விற்கப்பட்டது. பெட்டியில் இழந்ததை விளையாட்டுகளை விற்றும், இணையக் கடை நடத்தியும் ஈட்டுவதே இத்தொழிலின் வழக்கம். 2006 முதல் படக் கடைகளும் மாதச் சந்தா நிறுவனங்களும் ஒவ்வொன்றாக இப்பெட்டிகளுக்குள் குடியேறின. கடை நடத்துபவருக்கு, வாடிக்கையாளர் வீட்டுக் குதிரில் என்ன இருக்கிறது என்பதில் அக்கறை எழாது. நாம் நம் தாத்தாவின் குரலைக் கேட்டால் அவருக்கு ஒரு காசும் வரப்போவதில்லை.

இதைச் சதி என்று நான் கூறவில்லை. வியாபாரம் என்றே கூறுகிறேன். வியாபாரி தன் லாபத்தைப் பார்ப்பது இயல்பு. ஆனால் நம் நலத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘வாங்கு’ என்பதன் பொருள்

“வீட்டில் எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்? எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே!” என்று சிலர் கேட்கலாம். அவர்கள் சிந்திக்க வேண்டிய சில நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன்.

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தான் விற்ற சில மின்புத்தகங்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. விற்றவருக்கு அதற்கான உரிமை இல்லை என்று பின்னர் தெரியவந்ததே காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று, மக்களின் எழுத்தையும் நினைவையும் அழிக்கும் ஓர் அரசைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நாவல் என்பது விந்தையே!

2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியது. வாங்கிய புத்தகங்கள் அதன் பிறகு திறக்கவில்லை. பணம் மட்டும் திரும்பி வந்தது. 2021 ஆகஸ்டு இறுதியில் சோனி தன் பிளேஸ்டேஷன் கடையில் படங்கள் விற்பதை நிறுத்தியது. 2022 ஆகஸ்டில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், மக்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியிருந்த ஸ்டுடியோகனால் நிறுவனப் படங்கள் அவர்களுடைய பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிறுவனத்தின் நிகழ்ச்சிகளும் அவ்வாறே நீக்கப்படும் என்று சோனி அறிவித்து, எதிர்ப்பு எழுந்து, புதிய உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு அம்முடிவைக் கைவிட்டது. 2025 ஜூலையில் மைக்ரோசாப்டும் படங்கள் விற்பதை நிறுத்திக்கொண்டது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? ‘வாங்கு’ என்று எழுதிய பொத்தானை அழுத்தியபோது அம்மக்கள் வாங்கியது பொருளையன்று. பார்க்கும் அனுமதியை மட்டுமே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதை உணர்ந்து 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அங்கே, பின்னாளில் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று எழுதுவோர், தாம் தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும்.

திரைப்படமாவது போகட்டும், வேறிடத்தில் தேடிக்கொள்ளலாம். குடும்பத்தின் நினைவுகளை எங்கே தேடுவது? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த திருமண வீடியோ கேசட்டுகள் பல வீடுகளில் பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. அந்த நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே வருகிறது. அதை ஓட்டும் விசிஆர் கருவியை உற்பத்தி செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் கருவிகள் பழுதாவதற்குள் அக்கேசட்டுகளைக் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றியாக வேண்டும். மாற்றியதைக் கணிப்பொறியில் பூட்டி வைத்தாலும் பயனில்லை. கூடத்துத் திரையில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்தமர்ந்து பார்த்து, “இவர் யார்? அவர் யார்?” என்று கேட்டும் சொல்லியும் வந்தால்தான் அந்த நினைவு அடுத்த தலைமுறைக்குச் செல்லும். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும் காலம் குறுகியது.

சில ஆட்சேபங்கள்

இக்கருத்துக்கு நியாயமான ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை மறைக்காமல் ஆராய்வோம்.

முதலாவது, “இப்படிச் சொல்லித் திருட்டுப் படங்களைத்தானே சேர்த்து வைக்கிறார்கள்?” என்பது. இக்கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. கணிப்பொறி என்னும் குதிரில் சொந்த நெல்லையும் நிரப்பலாம். திருடிய நெல்லையும் நிரப்பலாம். திருட்டுப் படம் பலருடைய உழைப்பைச் சுரண்டுவது. திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிவு செய்வோருக்கு, 2023-ஆம் ஆண்டு இந்தியத் திரைப்படச் சட்டத் திருத்தம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், சொந்த உபயோகத்திற்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடமளிக்கிறது. அதேவேளையில், உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியிருக்கிறது. ஆதலால் நம் குதிரில் நாம் எடுத்தவையும், நேர்மையாக வாங்கியவையும், உரியவர்கள் இலவசமாக வழங்கியவையும் மட்டுமே இருக்கட்டும். ஒரு குடும்பத்தில் அவையே ஏராளம்.

இரண்டாவது, “விளையாட்டுப் பெட்டியே படிப்புக்குப் பகை, அதற்கு இன்னும் ஒரு வேலையா?” என்று பெற்றோர் அஞ்சுவது. பெட்டி ஒரு பிள்ளையின் அறையில், கதவுக்குப் பின்னால் இருந்தால் அந்த அச்சம் பொருத்தமானதே. அதே பெட்டி கூடத்தில் அமர்ந்து குடும்பம் முழுவதற்கும் படம் காட்டினால் அது பொதுச் சொத்தாகிவிடுகிறது. எந்நேரமும் ஒருவரே பிடித்துக்கொள்ள முடியாது. தவிர, இவ்வேலைக்கென்று எவரும் புதிதாக விளையாட்டுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. அது மின்சாரத்தை அதிகம் உண்ணும் கருவி. ஸ்மார்ட் தொலைக்காட்சியோ, அதில் செருகும் சிறு கருவியோ இருந்தால் அதுவே இப்பணியைக் குறைந்த மின்சாரத்தில் செய்துவிடும். ஏற்கெனவே பெட்டி இருப்போருக்கே என் ஆலோசனை.

மூன்றாவது, “வீட்டில் வைத்தால் மட்டும் அழியாதா?” என்பது. அழியும். வன்தட்டு ஒருநாள் திடீரென்று நின்றுபோகும். 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் புகுந்த வீடுகளில் புகைப்பட ஆல்பங்களும் கணிப்பொறிகளும் ஒருங்கே நனைந்து பாழாயின. ஆகவே ஒரே குதிரை நம்பி இருத்தல் கூடாது. இன்னொரு வன்தட்டில் ஒரு படி எடுத்து, வேறு ஊரில் உள்ள சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ வைக்க வேண்டும். விதைநெல்லைத் தனியே காப்பாற்றிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

நான்காவது, பாதுகாப்பு. டிஎல்என்ஏ முறையில் பொதுவாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. வீட்டு வைஃபையில் இணைந்தவர் எவரும் திறந்து வைத்த அடைவைப் பார்க்கலாம். ஆகையால் கணிப்பொறி முழுவதையும் திறந்து வைக்கலாகாது. பகிர வேண்டிய அடைவுகளை மட்டும் பகிர வேண்டும். வைஃபையின் கடவுச்சொல் வலுவாக இருக்க வேண்டும். விருந்தினருக்கு ரவுட்டரில் தனி இணைப்புத் தரலாம். வீட்டு சர்வரை வெளியுலகிலிருந்தும் எட்டும்படி திறந்துவிடும் ஆசையை, அதன் அபாயங்களைக் கற்றறியும்வரை அடக்கிக்கொள்வது நல்லது. இத்தனை கவனத்தோடு செய்தால், பெண்பிள்ளைகளின் புகைப்படங்கள் முகம் தெரியாதவர்களின் கணிப்பொறிகளுக்குப் போகாமல் நம் கூரைக்குள்ளேயே இருக்கும். இதுவும் சிறிய நன்மையன்று.

மாணவியருக்கு ஒரு வார்த்தை

அன்பு மாணவிகளே! வீட்டில் வைஃபை வேலை செய்யவில்லை என்றால் அண்ணனையோ தம்பியையோ கூப்பிடுகிறோம். அவர்கள் பிறவியிலேயே கற்று வந்தவர்கள் அல்லர். தொட்டுப் பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள், அவ்வளவே. நீங்களும் தொட்டுப் பாருங்கள். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கணிப்பொறிகளை இணைக்கும் வலைகளில், செய்தி சுற்றிச் சுற்றி வந்து வலை முழுவதும் முடங்கிப்போகாமல் காக்கும் முறையை 1985-இல் வகுத்தவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. வலை என்பது ஆண்களின் காடன்று.

இவ்விடுமுறையில் செய்து பார்க்க ஒரு சிறு பணியைச் சொல்கிறேன். ஜெல்லிஃபின் என்று ஒரு சர்வர் நிரல் இருக்கிறது. 2018 இறுதியில், முன்னிருந்த ஒரு நிரல் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதன் திறந்த பதிப்பிலிருந்து தன்னார்வலர்கள் கிளைத்தெடுத்து வளர்த்தது. இலவசமானது, மாதக் கட்டணம் இல்லை. பிளெக்ஸும் பலருக்கு எளிதாக இருக்கும். பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் அதன் செயலி உண்டு. ஆனால் வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்த வீடியோவைப் பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் முதல் அந்நிறுவனம் கட்டணம் கேட்கிறது என்பதையும் அறிந்திருங்கள். இரண்டில் உங்கள் பெட்டிக்கு ஒத்துவருவதைத் தேர்ந்துகொள்ளலாம்.

முதலில் குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் ஆண்டு வாரியாக அடைவுகளில் அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பெயர் சூட்டுங்கள். ‘அக்கா திருமணம்’ என்று ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதினால், இருபது ஆண்டு கழித்துத் தேடுபவருக்கும் விளங்கும். பின்பு பெற்றோரின் அனுமதியோடு நிரலை நிறுவிப் பெட்டியில் தேடிப் பாருங்கள். முதல் முறை கிடைக்காமற் போகலாம். இரு கருவிகளும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா, கணிப்பொறியின் ஃபயர்வால் தடுக்கிறதா, படத்தின் முறை பெட்டிக்குத் தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். இப்படிக் காரணத்தைத் தேடிச் செல்லும் பழக்கம் எந்தப் பாடநூலும் தராத கல்வி.

பெற்றோர்களே! உங்கள் மகள் கணிப்பொறியைத் திறந்து வைத்துக்கொண்டு ரவுட்டரின் கேபிளைப் பிடுங்கி மாட்டினால் அதட்டாதீர்கள். அருகில் அமர்ந்து என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். கேசட்டுகளை எடுத்துக் கொடுங்கள். படத்தில் இருப்போரின் பெயர்களைச் சொல்லுங்கள். அருட்சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளியின் பழைய ஆண்டு விழாக்களின் நாடாக்கள் இருக்குமாயின், அவற்றைக் கோப்புகளாக்கிப் பள்ளிக் கணிப்பொறியில் சேர்த்து, அரங்கின் திரைக்குக் கொணரும் பொறுப்பை மேல்வகுப்பு மாணவியரிடம் ஒப்படைக்கலாம்.

வாடகைக்குப் படம் பார்ப்பது தவறன்று. நூலகத்தில் புத்தகம் எடுப்பதைப் போல அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் நூலகம் இருக்கிறது என்பதற்காகக் குடும்ப பைபிளையும், தாத்தாவின் கடிதங்களையும் எவரும் எடைக்குப் போட்டுவிடுவதில்லை. கடையில் வாங்குவது கடையிலிருந்து வரட்டும். நம்முடையது நம் வீட்டிலிருந்து, நாம் அமைத்த வழியில், நம் திரைக்கு வரட்டும். அந்த வழியை அமைக்கத் தெரிந்த ஒருத்தியாவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அவள் நம் பள்ளி மாணவியாக இருப்பாளாக!